இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு கையேடு தாருங்கள்

மறைமாவட்ட மறைக்கல்விப் பணிக்குழுவின் பெருமதிப்புக்குரிய தந்தை அவர்களுக்கு,

மேல்நிலைப் பள்ளி மறைக்கல்வி ஆசிரியர்களின் அன்பு வணக்கம். தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையும் 11, 12ஆம் வகுப்புகளுக்கான மாதிரிப் பாடத்திட்டமும் கிடைத்தன. தொடக்கச் செபம் 5 நிமிடம், பாடல் 5, திரையில் காட்சி 15, குழுப்பகிர்வு 20, செயல்பாடு 10, இறுதிச் செபம் 5. கூட்டினால் 60. எங்கள் பாடவேளை 40 நிமிடம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

அந்த 40-உம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. கத்தோலிக்க மாணவர்கள் ஒரே பிரிவில் இல்லை. உயிரியலில் ஆறு பேர், வணிகவியலில் ஒன்பது பேர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு அமர, இவர்கள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்து சேர 8 நிமிடம். வருகைப் பதிவுக்கு 3. அடுத்தது இயற்பியல் என்பதால் மணியடிக்க 4 நிமிடம் இருக்கும்போதே அனுப்பியாக வேண்டும். மிஞ்சுவது 25. திருப்புதல் தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். அந்த 25 நிமிடத்துக்கு ஏற்ற ஆசிரியர் கையேடு ஒன்றைத்தான் கேட்கிறோம்.

முடியாத காரியமல்ல. லூக்கா 15ஐ எடுத்துக்கொள்வோம். 11ஆம் வசனத்தில் தொடங்கினால் வகுப்பு உடனே காதை மூடிக்கொள்ளும்; ஊதாரி மைந்தன் கதை முதல் நற்கருணை வகுப்பிலேயே கேட்டது. ஆகவே 25 முதல் 32 வரை மட்டும் அரை ஏ4 தாளில், இருவருக்கு ஒரு படி. நிறுத்தி வாசித்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. திரும்பி வந்த தம்பிக்கு விருந்தா என்று கோபித்து வெளியே நின்ற மூத்த மகன் கடைசியில் வீட்டுக்குள் போனானா என்று நற்செய்தி சொல்லவில்லை. 'அடுத்து அவன் என்ன செய்தான்?' என்று ஒரே வரி எழுதச் சொல்ல வேண்டும். பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதச் சொன்னால் எல்லாத் தாளிலும் 'உள்ளே போனான்' என்றே வரும். பெயரில்லாத் தாள்களைக் கலைத்து வாசித்தால் மீதி வகுப்பு தானே ஓடும்.

திருவழிபாட்டு ஆண்டுச் சக்கரத்துக்கு, அதாவது திருச்சபை ஆண்டின் ஞாயிறுகளைக் காலவாரியாக வண்ணமிட்டுக் காட்டும் வட்டத்துக்கு, இரண்டு பாடவேளை வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து சார்ட் தாளில் வட்டம் வரைந்து, வெட்டி, இருமுறை மடித்தால் நான்கு கால்வட்டம். ஒவ்வொன்றிலும் 13 கூறு, ஆக 52 ஞாயிறு. மடிக்காமல் ஒரே சுற்றாக 7 டிகிரி வைத்துக்கொண்டே போனால் பிழை சேர்ந்து, ஆண்டின் கடைசி ஞாயிறான கிறிஸ்து அரசர் விழாவுக்கு 3 டிகிரிதான் இடம் கிடைக்கும். மடித்துச் செய்தால் கால்வட்டத்தின் கடைசிக் கூறு மட்டும் 6 டிகிரி. யார் கண்ணிலும் படாது. 2025 நவம்பர் 30இல் தொடங்கும் ஆண்டில் திருவருகைக் காலம் 4, கிறிஸ்து பிறப்புக் காலம் 3, பொதுக்காலம் 5, தவக்காலம் குருத்து ஞாயிறோடு 6, பாஸ்கா காலம் தூய ஆவி ஞாயிறோடு 8, மறுபடி பொதுக்காலம் 26. வெள்ளைக் கூறுகளில் முதலிலேயே பென்சிலால் 'வெ' என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் வண்ணம் விடுபட்டதாக நினைத்து மஞ்சளைப் பூசிவிடுவார்கள். பொதுக்காலத்தின் பச்சை ஏன் நடுவில் அறுந்து நிற்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பாடமே அந்தக் கேள்விதான்.

இப்படிப்பட்ட எதுவும் எங்களுக்கு அச்சில் வருவதில்லை. வருவது வினா-விடைத் தொகுப்பு. கத்தோலிக்க விவிலியத்தில் மட்டும் உள்ள சீராக்கின் ஞானம் என்ற நூலின் 3ஆம் அதிகாரத்திலிருந்து கேள்வி இருக்கும். பிள்ளைகளின் கைப்பேசிச் செயலியில் இருப்பதோ 66 நூல்கள் கொண்ட சீர்திருத்தச் சபை விவிலியம். சீராக்கே அதில் இல்லை. குமரி மண்ணில் விசுவாசத்துக்காக உயிர்நீத்த தேவசகாயத்துக்கு 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதர் பட்டம் கொடுத்தாயிற்று; வகுப்பில் புழங்கும் பழைய படிகளில் அவர் இன்னும் புனிதருக்கு முந்தைய நிலையான அருளாளர்தான். திருத்தந்தையின் அறிவிப்பு போதாது, அச்சகத்தின் ஒப்புதலும் வேண்டும் போலும். மறைக்கல்வித் தேர்வுக் கட்டணம் மட்டும் எந்த ஆண்டும் பிந்துவதில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். பன்னிரண்டு பாடங்கள் கொண்ட கையேடு போதும். பாடத்துக்கு இரண்டு பக்கம்: ஒன்றில் நிமிடக் கணக்கும் எங்கே தடுமாறும் என்ற குறிப்பும், மற்றதில் நகலெடுக்கும் தாள். திரை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடவேளை நடத்துகிற இரண்டு ஆசிரியர்களையாவது எழுதும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

சுற்றறிக்கையில் கேட்டிருந்த ஐந்து புகைப்படங்களை இத்துடன் இணைக்கவில்லை. எங்கள் 25 நிமிடத்தில் அதற்கு இடமில்லை. கையேட்டில் ஒரு நிமிடம் ஒதுக்கித் தந்தால் எடுத்து அனுப்புகிறோம்.

இறையேசுவில்,
மேல்நிலைப் பள்ளி மறைக்கல்வி ஆசிரியர்கள்