எங்கள் பேச்சைத் தரம் பிரிக்கும் அதிகாரம் நிறுவனங்களுக்கு வேண்டாம்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தாருக்கு,

வணக்கம். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் எந்தச் செயலி வேகமாக ஓடலாம், எது மெதுவாக ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் முடிவு செய்யக்கூடாது என்று கேட்கவே இந்தக் கடிதம். எங்கள் ஊரில் பெரும்பாலான குடும்பங்களில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பார். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருப்பவரோடு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளலாம், குரல் பதிவு அனுப்பலாம். அழைத்துப் பேச முடியாது. பக்கத்து வீட்டு லாத்தா, மகளுக்குப் பல் விழுந்ததை அவள் வாப்பாவுக்குக் காட்ட வீடியோ கால் போடுவார். மணி அடிக்கும், அங்கே எடுப்பார், 'இணைக்கிறது' என்றே திரையில் நிற்கும். கடைசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அனுமதி பெற்ற வேறு செயலிகள் அங்கே உண்டு. அது அந்த நாட்டுச் சட்டம், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எதன் வழியாகப் பேசலாம் என்பதை வேறொருவர் முடிவு செய்தால் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இணையச் செயலிகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று 2015-ல் நீங்கள் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, என்ன பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக்கூடாது என்று தடை போட்டீர்கள். சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' அதோடு இங்கே நின்றது. அதற்கு இன்றும் நன்றி. அப்புறம் 2023-ல், குறிப்பிட்ட செயலிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தடுக்கலாமா என்று நீங்களே ஒரு கலந்தாய்வு அறிக்கையில் கேட்டீர்கள். கலவர நேரத்தில் இணையத்தை மொத்தமாக முடக்குவதற்கு அது மாற்று என்கிறார்கள். சரி, ஆனால் தேர்ந்தெடுத்துத் தடுக்கும் வசதியை ஒருமுறை கட்டிவிட்டால் அது கலவர நேரத்தோடு நிற்குமா?

வீடியோ செயலிகள்தான் வலையமைப்பை நிரப்புகின்றன, அதன் செலவில் அவை பங்கு தரட்டும் என்கின்றன தொலைபேசி நிறுவனங்கள். அந்த வீடியோவைக் கேட்டது ரீசார்ஜ் போட்ட நாங்கள். எங்களிடம் காசு வாங்கியாயிற்றே! பாம்பன், மண்டபம் பக்கம் கடலுக்குப் போகுமுன் காற்றையும் அலையையும் போனில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கை, பங்கு கொடுத்த நிறுவனத்தின் சினிமாவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கக்கூடாது. டவரில் நெரிசல் என்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக்கட்டும், பொறுத்துக்கொள்கிறோம்.

சட்டவிரோதமானதைத் தடுக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69ஏ பிரிவு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. உத்தரவு அங்கிருந்து வந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம். நிறுவனம் தானாகத் தடுத்தால் 'நெட்வொர்க் சரியில்லை' என்ற பதில்தான் கிடைக்கும். தடுத்ததே நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் கண்காணிக்கப் பல தரப்பினரும் உள்ள ஓர் அமைப்பு வேண்டும் என்று 2020-ல் நீங்களே பரிந்துரைத்தீர்கள். அதில் தமிழில் முறையிட ஒரு வழி வையுங்கள். எந்தச் செயலி, எந்த நாள், எந்த ஊர் என்று நாங்கள் எழுதினால், நிறுவனம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கெடு வையுங்கள்.

இப்படிக்கு,
கீழக்கரை வாடிக்கையாளர் ஒருவர்