ஐசியூ வேலைக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன்னைக் கோவிட் ஐசியூ வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் அப்பா ஆடிப்போய்விட்டார். எனக்கு என்னவோ கொஞ்சம் நிம்மதிதான். காலமெல்லாம் வார்டில் வேலை பார்த்தே கழித்தவள் நான், உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் பர்மிங்காமில், எந்த அறிகுறியும் இல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த மருத்துவமனை ஊழியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கோவிட் தொற்று ஏற்கெனவே வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடி, துப்புரவுப் பணியாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அவசர மருத்துவ வார்டுகளில் நோயாளிகளைப் பார்த்தவர்களிடமும் கிட்டத்தட்ட அதே அளவு. ஐசியூ ஊழியர்களிடம் சுமார் 15 சதவீதம்தான்! ஐசியூவில் எதிரே படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்று தெரியும், மாஸ்க், கவுன், கிளவுஸ், கண்ணாடி என்று முழுக் கவசத்தோடுதான் உள்ளே போவீர்கள். வார்டில் வேறு ஏதோ தொந்தரவுக்காகச் சேர்ந்தவர் இருமும்போது, சாதாரண மாஸ்க்கோடு அவர் முகத்துக்கு நேரே குனிந்து நிற்போம். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அதனால் உன் நோயாளியைப் பார்த்து நான் பயப்படவில்லை. வேலை முடிந்து நீ கவசத்தைக் கழற்றும் அந்தச் சில நிமிடங்களை நினைத்துத்தான் பயப்படுகிறேன். கவசத்தின் மேல் ஒளிரும் களிம்பைப் பூசி, ஊழியர்களைக் கழற்றச் சொல்லி, பிறகு புற ஊதா விளக்கில் பார்த்திருக்கிறார்கள். அனுபவசாலிகளின் கையிலும் கழுத்திலும்கூடக் களிம்பு ஒட்டியிருந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் உடம்பு வியர்த்துக் கொட்டும், கண்ணாடி மங்கும், கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், கை தானாக அவசரப்படும். முதலில் கிளவுஸ், அப்புறம் கவுன், கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையைச் சுத்தம் செய். உங்கள் ஆஸ்பத்திரியில் வரிசை கொஞ்சம் மாறலாம். ஆனால் மாஸ்க் கடைசியில்தான், அதுவும் அறைக்கு வெளியே வந்த பிறகுதான். நீ கழற்றும்போது யாராவது ஒருவர் நின்று பார்த்துச் சொல்லட்டும். ஆள் இல்லை என்பார்கள். சண்டை போட்டாவது ஒருவரை நிறுத்து.

அடுத்தது ஓய்வறை. நோயாளியிடம் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் நான்கு பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம், சிரிப்போம். கூட வேலை செய்கிறவர்களிடம் நமக்குப் பயமே வராது. இந்தக் கிருமி, காய்ச்சல் தெரிவதற்கு முன்பே பரவத் தொடங்கிவிடும் என்பதை மறந்துவிடாதே. அதேபோல, தொண்டை லேசாகக் கரகரத்தால்கூட வேலைக்குப் போகாதே. ஆள் குறைவு என்று கூப்பிடுவார்கள், உனக்கும் மனசு கேட்காது. ஆனாலும் போகாதே. நீ போனால் அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் குறைவார்கள்.

உங்களைத் தியாகிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை, உலகம் முழுவதும் கோவிட்டில் இறந்த மருத்துவப் பணியாளர்கள் 80,000இலிருந்து 1,80,000 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. எவ்வளவு பெரிய இடைவெளி பார்! செத்தவர்களைக்கூடச் சரியாக எண்ணவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், போதிய கவசம் கிடைத்தவர்களைவிட, போட்டதையே திரும்பப் போட்டவர்களுக்குத் தொற்று கூடுதலாக இருந்தது. கொடுக்க வேண்டிய மாஸ்க்கைக் கொடுக்காமல் உள்ளே அனுப்புவதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கக் கூடாது. கவச கிட் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதிக் கொடு, ஒரு நகலை நீ வைத்துக்கொள். நான் வேலையில் இருந்தபோது அப்படி எழுதிக் கொடுத்ததற்காக ஒரு மேலதிகாரி மாதக்கணக்கில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கிளவுஸ் வந்தது.

உங்கள் அறையைத் துடைக்கும் அக்காவுக்கு என்ன மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள் என்றும் பார். கழற்றும் வரிசையை அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? பெரும்பாலும் இருக்காது. நீ சொல்லிக் கொடு.

வீட்டு விஷயம். நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் ஊழியர்களின் வீட்டில் இருப்பவர்கள் கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஸ்காட்லாந்தில் கணக்கிட்டார்கள். அது தடுப்பூசி வராத காலம். உன் மாமியாருக்கு பூஸ்டர் போட்டாகிவிட்டதா? இல்லை என்றால் இந்த வாரமே மாப்பிள்ளையைக் கூட்டிப் போகச் சொல். அதற்காகக் குழந்தையைத் தள்ளி வைத்துவிட்டு நீ ஒரு அறையில் தனியாகக் கிடக்க வேண்டாம். உடம்பு சரியாக இருக்கும் நாளில் குளித்து, துணி மாற்றிவிட்டு, தாராளமாகத் தூக்கிக் கொஞ்சு.

என்95 மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட்டை இன்னும் செய்யவில்லை என்றாயே, அதை முதலில் முடி. நுண்துகளில் 95 சதவீதத்தை அது வடிகட்டும் என்பதெல்லாம் முகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான். உனக்கு என் முகம், மூக்குத்தண்டு பக்கம் இடைவெளி விழும். எந்த சைஸ் பொருந்தியது என்று எனக்கு எழுது.

அம்மா