மூவார் போய் வந்தோம்

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். கல்யாணச் செய்தி முழுவதையும் மாமி சொல்லிவிட்டார், ரசம் விவகாரத்தைத் தவிர. அதை நீதான் எழுத வேண்டும்.

போன வாரம் திங்களும் விடுமுறையாக வாய்த்ததால் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள மூவாருக்குப் போய் வந்தோம். துவாஸ் சோதனைச் சாவடியில் காத்துக் கிடந்த கதையை நேரில் புலம்பிக்கொள்கிறேன். ஆற்றங்கரை ஊர். காலையிலேயே சாத்தே, குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி! நாம் இட்லிக்கு உட்காரும் நேரத்தில் அங்கே கரியடுப்பில் குச்சிகள் எண்ணெய் சொட்டச் சொட்டப் புரள்கின்றன. விடிந்ததும் இறைச்சியா என்று முகம் சுளித்த என் மனைவிதான் கடைசிக் குச்சியையும் எடுத்தாள்.

அங்கிருந்து பாரிட் ஜாவா. அசாம் பெடாஸ் என்னும் புளிப்பும் காரமுமான மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கடலோரம் போனால் தண்ணீர் வற்றிக் கிடந்தது. சேற்றில் பெரிய நாரைகள்: மொட்டைத் தலை, மஞ்சள் கழுத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாய் முடி, அவசரமே இல்லாத நடை. பார்த்ததும் நம் கணக்கு வாத்தியாருக்கு வணக்கம் சொல்லத் தோன்றியது. நீ இருந்திருந்தால் சொல்லியே இருப்பாய்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. திரும்பும்போது யோங் பெங் போகும் சாலையைப் பிடித்து, பாரிட் சூலோங் பாலத்தருகே இறங்கினேன். 1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாயாவுக்குள் முன்னேறி வந்தபோது மூவார் ஆற்றைக் காக்க நின்றது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. ராஜபுதனம், ஜாட், கட்வால் படையணிகளின் பையன்கள், பயிற்சி கூட முடியாதவர்கள். பாலைவனப் போருக்கென்று திரட்டியவர்களைக் கடைசி நேரத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அந்தப் படைப்பிரிவு போர்க்களத்துக்குத் தயாராகவே இல்லை என்று மலாயாவின் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலே பிறகு எழுதினார். பிறகு எழுதி என்ன பயன்? எஞ்சியவர்கள் ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து சண்டையிட்டபடியே இந்தப் பாலம் வரை பின்வாங்கினார்கள். பாலம் அதற்குள் ஜப்பானியர் கையில். நடக்க முடிந்தவர்கள் சதுப்பு நிலத்தில் இறங்கித் தப்பினார்கள். நகர முடியாத காயக்காரர்களை, நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்களோடு இந்தியச் சிப்பாய்களையும், ஜனவரி 22 அன்று ஜப்பானியர் கொன்றார்கள்.

பின்வாங்கிய படையை நடத்திய ஆஸ்திரேலிய அதிகாரி ஆண்டர்சனுக்கு வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. தகுதியானவர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பையன்கள்? அனுபவமில்லாதவர்கள், நிலைகுலைந்து போனார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் யார் என்று கேட்பாரில்லை. மெல்பர்னில் உன் பேரன் பள்ளியில் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளன்று இந்த இந்தியப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுகிறார்களா? கேட்டு எழுது.

டிசம்பரில் நீ வரும்போது இங்கே கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போவோம். உடல் கிடைக்காதவர்கள் 24,000 பேருக்கும் மேல், பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். கட்வால் பெயர்கள் எந்தப் பக்கம் என்று தேட வேண்டும், என் கண்ணாடியை நம்பிப் பயனில்லை. உன் முழங்கால் அந்த மேட்டுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதையும் சொல். டிக்கெட் எடுத்ததும் தேதியைத் தெரிவி. மாமிக்கு முன்னால் எனக்கு!

அன்புடன்,
குமார்