மாப்ளே, உன் கேள்விக்குப் பதில்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். முழங்கால் ஆபரேஷன் முடிந்து படியேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே மிஷிகனில் பனி அள்ளி அள்ளி என் இடுப்பும் உன் முழங்காலோடு போட்டி போடுகிறது. மகளுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். வீட்டுக்காரி நலம், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சரி, நீ கடைசியில் போகிற போக்கில் கொளுத்திப் போட்டிருந்தாயே, 2024இல் ட்ரம்ப் பக்கம் சாய்ந்த இளைஞர்கள் அவரோடு நிற்பார்களா, கழன்றுகொள்வார்களா என்று. இந்த விஷயத்தில் என் ஜோசியத்தின் லட்சணம் உனக்கே தெரியும். 2012 மே மாதம் ஒபாமா ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரசாரத்தைத் தொடங்கியபோது அரங்கில் மேல்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்ததை டிவியில் பார்த்துவிட்டு, 'முடிஞ்சது, பசங்க இந்தத் தடவை வரமாட்டாங்க' என்று உன்னிடம் பந்தயம் கட்டினேன். அந்த ஆகஸ்டில், ஒபாமாவை எதிர்த்த குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன் மாநாட்டு மேடையில், பட்டம் வாங்கிய பிள்ளைகள் வேலையில்லாமல் சின்ன வயது படுக்கையறையிலேயே கிடந்து மங்கிப்போன ஒபாமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பேசியபோது, ஆகா, நான் சொன்னதையே சொல்கிறார் என்று கைதட்டினேன். கடைசியில் என்ன ஆனது? முப்பது வயதுக்குள் இருந்தவர்களிடம் ஒபாமாவுக்கு 2008இல் 66 சதவீதமாக இருந்த ஆதரவு 60 ஆகக் குறைந்தது உண்மைதான், ஆனால் வாக்குப் போட்டவர்களில் அந்த வயதினரின் பங்கு 18இலிருந்து 19 சதவீதமாக ஏறியிருந்தது. பந்தயத்தில் தோற்றது நான்.

அன்றிலிருந்து இதை யோசித்து யோசித்து எனக்கு ஒன்று பட்டது. 'நிற்பார்களா' என்று கேட்கும்போதே நாம் ஒரு கூட்டம் அப்படியே உறைந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார். 18 முதல் 29 வரை என்பது பன்னிரண்டு வருட வரிசை. நாலு வருடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஆள் மாறிவிடுகிறது. 2008இல் முதல் வாக்குப் போட்ட பையனுக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, முதுகுவலிக்குத் தைலம் தேடுகிறவன். 2024இல் முதல் வாக்குப் போட்டவனுக்கோ, ட்ரம்ப் தன் ட்ரம்ப் டவர் கட்டடத்து எஸ்கலேட்டரில் இறங்கி வந்து போட்டியிடுவதாக அறிவித்த 2015இல் ஒன்பது வயது இருந்திருக்கும். உனக்கும் எனக்கும் அவர் ஒரு அதிர்ச்சி. அவனுக்கு நினைவு தெரிந்த நாளாக அரசியல் என்றாலே அவர்தான். பிறந்ததிலிருந்து இருக்கிற சாமானிடம் யார் விசுவாசம் காட்டுவார்கள்?

இன்னொன்று, அவர்கள் ஆளுக்காக வருவதைவிட விஷயத்துக்காகத்தான் வருகிறார்கள். இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். 2022 நவம்பரில், அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தல், என் மகளுக்கு முதல் வாக்கு. பைடன் பெயரைச் சொன்னாலே உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் அந்த ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டிருந்தது, இங்கே அந்த உரிமையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதுவது பற்றிய கேள்வியும் அதே வாக்குச்சீட்டில் இருந்தது. மிஷிகனில் தேர்தல் நாளன்றே பெயரைப் பதிந்து அப்போதே வாக்களிக்கலாம், எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் போதும். ஆன் ஆர்பரில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு வெளியே மாணவர்கள் அந்தக் குளிரில் மணிக்கணக்கில் நின்றார்கள், கடைசி ஆள் முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. இவளும் நின்றாள். பத்து மணிக்கு போன் செய்து, 'அப்பா, முன்னாடி இன்னும் நூறு பேராவது இருப்பாங்க, நீங்க தூங்குங்க' என்றாள். தூங்கவா முடியும்? வீட்டுக்கு வரும்போது யாரோ போர்த்திவிட்ட ஊதா நிறக் கம்பளி தோளில், கையில் பாதி தின்ற ஆறிப்போன பீட்சா. அந்தத் தேர்தலில் பைடன் கட்சி இங்கே மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளையும் சேர்த்துப் பிடித்தது, கிட்டத்தட்ட நாற்பது வருடத்தில் முதல் தடவையாக. பைடனின் ஆட்கள் இதை அவருக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் தப்பு பண்ணினார்கள் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 2024 பிப்ரவரியில் இதே மாநிலத்தில், பைடன் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதனிலைத் தேர்தலில், ஒரு லட்சத்துக்கு மேல் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தில் விழுந்தது, காசா போரில் அவர் நிலைப்பாட்டை எதிர்த்து. 2020இல் அவர் மிஷிகனில் ஜெயித்த வித்தியாசமே ஒன்றரை லட்சம் சொச்சம்தான். மாணவர் கடன் வேறு. ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் தள்ளுபடி என்று அறிவித்தார், உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது, 2023 அக்டோபரில் தவணை திரும்பத் தொடங்கியது. தடுத்தது நீதிமன்றம் என்று நீயும் நானும் வாதாடலாம். தவணை கட்டுகிறவனுக்கு யார் வாக்குறுதி கொடுத்தார்கள் என்பதுதான் ஞாபகம் இருக்கும். வாடகை, மளிகை பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூலையில் பைடன் விலகி கமலா ஹாரிஸ் வந்தும், முப்பது வயதுக்குள் இருந்தவர்களிடம் அந்தக் கட்சிக்கு 60 சதவீதமாக இருந்தது 54 ஆனது, ட்ரம்ப்புக்கு 43. நாலு வருடத்துக்கு முன் 24 புள்ளி இருந்த இடைவெளி பாதிக்கும் கீழே. (கணிப்புக்குக் கணிப்பு எண் மாறும், போக்கு ஒன்றுதான்.) ட்ரம்ப் மிஷிகனை எண்பதாயிரம் வாக்கில் எடுத்தார்.

பதவியில் இருந்தாலே இளைஞர்கள் விலகிப்போவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ரீகனைப் பார். 1980இல் இந்த வயதினர் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தார்கள், 1984இல் 73 வயது மனிதருக்குப் பத்தில் ஆறு பேர் போட்டார்கள். நடுவில் பணவீக்கம் 13 சதவீதத்திலிருந்து நாலுக்கு இறங்கி, வேலையும் வந்துகொண்டிருந்தது. தாத்தா வயதெல்லாம் பிறகு யாருக்கு ஞாபகம்.

ட்ரம்ப் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் இரண்டு தடவைதான் அதிபராகத் தேர்வாகலாம் என்கிற அரசியல் சட்டத்தின் 22ஆவது திருத்தப்படி அவர் இனி நிற்க முடியாது, ஆகவே சோதனை வரும் நவம்பர் 3ஆம் தேதி இடைக்காலத் தேர்தலில், அதுவும் அவர் பெயர் இல்லாத சீட்டில். 2024இல் அவருக்குப் போட்ட பையன்களில், முன்பு வாக்குச்சாவடிப் பக்கமே போகாமல் பாட்காஸ்ட் கேட்டு, விலை இறங்கும் என்று நம்பி வந்தவர்கள் நிறைய. அவர்கள் எதிர்க்கட்சிக்குத் தாவுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான். மற்றபடி போன நவம்பரில் நியூயார்க்கில் 34 வயது மம்தானி வாடகையை உறையவைப்பேன் என்று ஒரே பாட்டைப் பாடி மேயர் ஆனாரே, அதைப் பார்த்தாவது இரண்டு கட்சிக்காரர்களுக்கும் எதைப் பேசவேண்டும் என்று புரிந்திருக்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால், சந்தேகம்தான்.

போன ஞாயிறு மகளிடம், 'நவம்பரில் யாருக்குப் போடப்போகிறாய்' என்று கேட்டேன். வேலை எந்த ஊரில் கிடைக்கிறதென்றே தெரியவில்லை, எந்த மாநிலத்தில் பதியப்போகிறேன் என்பதே தெரியவில்லை, அதற்குள் யாருக்கு என்று கேட்டால் எப்படி அப்பா என்றாள். அந்த ஊதாக் கம்பளி இன்னும் கார் டிக்கியில்தான் கிடக்கிறது. யாருடையது என்று தெரியாததால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

பந்தயத்துக்குக் கூப்பிடாதே, 2012இல் தோற்றதே போதும். முழங்காலைப் பார்த்துக்கொள். பிசியோதெரபியை 'நாளைக்கு' என்று தள்ளிப்போடுகிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும்.

உன் பழைய அறைத்தோழன்