துப்பாக்கியைவிடத் துணையாள் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மானம் காக்க நடந்த துவந்த யுத்தம் என்றாலே ஆத்திரத்தில் சுட்டுக்கொள்வது என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. 1777இல் அயர்லாந்தின் குளோன்மெல்லில் வகுத்த விதிகளைப் பாருங்கள். களமிறங்கும் முன் இருதரப்புத் துணையாட்களும், அதாவது மோதுபவர் ஒவ்வொருவரும் தம் சார்பில் அழைத்துவரும் ஆட்களும், சமரசம் பேசியே ஆகவேண்டும். ஒரு துணையாள் கண்ணெதிரில் மற்றவர் துப்பாக்கியில் வெடிமருந்து கெட்டிப்பது வழக்கம். வானத்தை நோக்கிச் சுடக் கூடாது. அவமானம் எதுவுமில்லை என்றால் அறைகூவல் எதற்கு என்பது விதி வகுத்தவர்கள் வாதம்.

எனக்கு மிகக் கொடியதாகப் படுவது இன்னொரு விதி. அக்காலச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் உரசி எழும் பொறி, அதிலுள்ள சிறு கிண்ணத்து வெடிமருந்தில் விழுந்தால்தான் வெடிக்கும். கல் மழுங்கினாலோ மருந்து ஈரமானாலோ 'கிளிக்' சத்தம் மட்டுமே. அதுவும் ஒரு வேட்டாகவே கணக்கு. அதற்கு ஈடாக மறு வேட்டு கேட்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்