அந்தப் பதினேழு பற்றி

கண்ணு,

போனில் நீ அழுவதும் நான் கத்துவதும் போதும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், கோத்தகிரியில் இன்று மிஸ்ட் இறங்கி டவரும் கிடைக்கவில்லை. "காசு மிச்சம் பிடிக்கத்தானே கீமோ வேண்டாங்கிறே" என்றாயே, இந்த மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ தேவையா என்று பார்க்கிற டெஸ்டுக்கே லட்சக்கணக்கில் ஆச்சு, மிச்சம் பிடிக்கிறவள் அதை எடுப்பாளா?

கோயம்புத்தூரில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று வைத்திருப்பார்கள், அதை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஆன்கோடைப் என்று பெயர். கட்டிக்குள் 21 மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளந்து (அதில் 5 சும்மா ஒப்பிட்டுப் பார்க்க) 0 முதல் 100க்குள் ஒரு எண் தருகிறார்கள், எண் கூடக்கூட நோய் திரும்பி வரும் வாய்ப்பும் கூடும். எனக்கு 17.

என்னுடையது ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்கிற கட்டி; ஹெர்2 நெகட்டிவ், அதாவது ஹெர்2 என்ற புரதம் அதில் அதிகம் இல்லை; அக்குள் நெறியிலும் பரவவில்லை. இந்த மாதிரி பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது: ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எண் 25 வரை இருந்தால் ஹார்மோன் மாத்திரையோடு கீமோ சேர்த்தாலும் கூடுதல் பலன் இல்லை. உன் வயதில் இதே 17 வந்திருந்தால் டாக்டர் வேறு மாதிரி பேசியிருப்பார், ஐம்பதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு 16லிருந்தே கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்ததாம். பலனே இல்லாத ஒன்றுக்கு முடியையும் உடம்பையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் வாந்தியோடு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறி வர என்னால் முடியாது, அவ்வளவுதான்.

சித்திக்கு கீமோவில்தானே கட்டி கரைந்தது என்கிறாய். அவளுடையது டிரிப்பிள் நெகட்டிவ், இரண்டு ஹார்மோனுக்கும் ஹெர்2வுக்கும் நெகட்டிவ், அதற்கு ஹார்மோன் மாத்திரை வேலைக்கே ஆகாது, கீமோதான் முக்கியம். அவள் கதையை எனக்குப் போடாதே.

எனக்கு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை, தினம் ஒன்று. காலையில் தோட்டத்துப் படி இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது, எலும்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி கால்சியம் கொடுத்திருக்கிறார்கள். இலை எடுக்க ஆள் வைத்துவிட்டேன், அதற்கும் திட்டாதே.

அப்புறம் ஒன்று. இந்த டெஸ்ட் கட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்லும், பரம்பரையைப் பற்றிச் சொல்லாது. அதற்கு, குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று ரத்தத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் வந்திருக்கிறதே, அதனால் முதலில் சித்தியைக் கொடுக்கச் சொன்னார்கள், சரி என்றுவிட்டாள். அவளுக்கு இருந்தால் எனக்கு, எனக்கும் இருந்தால் உனக்கு. ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறேன், அதற்குள் டிக்கெட் கிக்கெட் போட்டுவிடாதே.

அம்மா