அது செருப்பு ஊசியன்று, மடக்கெழுத்தாணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பாட்டனார் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த இரும்புக் கருவி ஒன்றின் படத்தை வாசகர் ஒருவர் அனுப்பி, இதன் பெயர் என்ன, இது எதற்குப் பயன்பட்டது என்று கேட்டிருந்தார். இந்த வாரம் வெளியான விடைகளுள் ஒன்று அதைச் செருப்புத் தைப்பவரின் ஊசி என்கிறது. இன்னொன்று நாட்டு வைத்தியர் கட்டி கீறும் கத்தி என்கிறது. மூன்றாவது பாளை சீவும் கத்தி என்கிறது. மூன்றும் தவறு. அது ஓலை எழுதியவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த மடக்கெழுத்தாணி. ஊர்க் கணக்கு எழுதிய என் கொள்ளுப்பாட்டனாருடைய மடக்கெழுத்தாணி எங்கள் வீட்டில் இருப்பதாலும், தமிழாசிரியனாக இருந்த காலத்தில் அதை வகுப்புக்கு எடுத்துச்சென்று ஓலையில் எழுதிக் காட்டியிருப்பதாலும், இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

படத்தை உற்றுப் பார்த்தால், ஒரு சாணுக்குக் குறைந்த பிடியின் ஒரு தலையில் அகலமான சிறு கத்தி அலகும், மறு தலையில் கூரிய ஆணியும் இருப்பதையும், இரண்டும் தறையாணியில் சுழன்று பிடிக்குள் மடங்குவதையும் காணலாம். விடை எழுதிய மூவரும் இந்த இரண்டு உறுப்புகளுள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றொன்றுக்குக் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். செருப்புத் தைப்பவருக்கு ஊசி வேண்டும் என்பது சரி. அதே பிடியில் மடங்கும் கத்தி எதற்கு? வைத்தியருக்குக் கத்தி வேண்டும், ஆணி எதற்கு? பாளை சீவுபவருக்கு வேண்டியது அகன்று கனத்த அலகு. இந்தச் சுண்டுவிரல் நீளக் கத்தி ஒரு பாளைக்கும் தாங்காது. கத்தியும் ஆணியும் ஒரே ஆளுக்கு ஒரே வேலையில் மாறி மாறித் தேவைப்படும் தொழில் எது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அந்தத் தொழில் ஏடெழுதுவது. பனையோலையை ஈர்க்கிலிருந்து பிரித்து, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் வேகவைத்து, மீண்டும் உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்துப் பதப்படுத்துவார்கள். அப்படிப் பதமான ஓலையின் ஓரங்களைச் சீவி ஒரே அளவு இதழ்களாக்குவதற்கு ஓலை வாருதல் என்று பெயர். கத்தி அதற்காக. வாரிய இதழில் எழுத்தைக் கீறுவதற்கு ஆணி. மேற்புறத்தில் மடங்காத கத்தி அலகும் கீழ்ப்புறத்தில் கூர்முனையும் கொண்ட நீண்ட வகையை வாரெழுத்தாணி என்றே அழைத்தார்கள். கொண்டை பருத்துக் கூர் மழுங்கலாக இருக்கும் குண்டெழுத்தாணி, எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உரியது. மடக்கெழுத்தாணி வெளியூர் சென்று எழுத வேண்டியவர்களுக்கு வசதியானது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில் எழுத்தாணிக்காரத் தெரு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. அந்த ஊரில் இந்தக் கருவிக்கு இருந்த மதிப்பை அந்தப் பெயரே சொல்லும்.

ஊசிக்கும் எழுத்தாணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில் உணரலாம். தோல் தைக்கும் ஊசி தோலைத் துளைத்து மறுபுறம் போவதற்கானது. அதற்கேற்ப உள்ளங்கையால் அழுத்தித் தள்ளும் மரப்பிடி இருக்கும். எழுத்தாணி ஓலையைத் துளைக்கவே கூடாது. மேல்தோலை மட்டும் கீறிக்கொண்டு வளைந்து நெளிந்து ஓட வேண்டும். வகுப்பில் ஒருமுறை, பதப்படுத்திய ஓலைத் துண்டு ஒன்றில் முதலில் கோணி ஊசியால் ‘அ’ எழுதிப் பார்க்கும்படி மாணவர்களிடம் கொடுத்தேன். நரம்பு ஓடும் திசையில் ஊசி நன்றாகவே போயிற்று. குறுக்கே திரும்பிய இடத்தில் நாரைத் தூக்கிக் கிழித்துவிட்டது. அடுத்து எங்கள் எழுத்தாணியைக் கொடுத்தபோது அதே ‘அ’ சுழி கெடாமல் விழுந்தது. கீறிய கோடு நிறமின்றி இருந்ததால், எழுத்தே விழவில்லை என்று சில பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்ததும், கரி கோட்டுக்குள் மட்டும் தங்கி, எழுத்து கருகருவென்று எழுந்து நின்றது. அந்தப் பிள்ளைகளின் முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

எழுதிய முறையும் இன்றைய பேனாப் பழக்கத்துக்கு முற்றிலும் வேறானது. இடக்கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையின் கட்டைவிரல் நகத்தை வளர்த்து அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியின் முனையருகே அந்தப் பள்ளத்தில் தாங்கக் கொடுத்து எழுதினார்கள். எழுத்தாணி ஏறக்குறைய ஓரிடத்தில் நிற்க, ஓலைதான் நகர்ந்துகொண்டே போகும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பது சுவடி படிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருப்பதும், எகர ஏகார வேறுபாடு இல்லாமல் ஒற்றைக் கொம்பே இரண்டுக்கும் நிற்பதும் இதனுடன் சேர்ந்தவை. உ.வே.சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன், ஒவ்வொரு சொல்லையும் எப்படிப் பிரிப்பது என்று பல ஏடுகளை வைத்துப் பல காலம் உழைத்தார் என்றால், அந்த உழைப்பில் ஒரு பங்கு இந்த இரும்பு முனையின் இயல்பினால் வந்தது. ஆகவே இந்தக் கருவியை வேறொரு தொழிலின் ஊசியாக எழுதிவைப்பதைச் சிறு பிழையாக என்னால் கருத முடியவில்லை.

படம் அனுப்பிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எழுத்தாணி இருந்த பரணில் மற்ற பொருள்களையும் தேடிப் பாருங்கள். சுவடிக்கு மேலும் கீழும் வைத்துக் கட்டும் துளையிட்ட மெல்லிய மரச்சட்டங்கள், சுவடிக் கயிற்றின் நுனியில் கட்டும் கிளிமூக்கு என்ற சிறு ஓலைத் துண்டு, சுவடியின் ஒரு துளையில் செருகும் நாராசம் ஆகியவை அங்கேயே கிடக்கலாம். நாராசத்தை எழுத்தாணி என்று மயங்க இடமுண்டு. அது வெறும் கம்பி, எழுதும் கூர் அதில் இராது. ஓலைக்கட்டு ஏதேனும் கிடைத்தால், ஒட்டியிருக்கும் இதழ்களைப் பிரிக்க முயலாமல், 1869-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்திலோ, தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலோ காட்டுங்கள். ஜாதகமாகவோ நிலக் கணக்காகவோ இருந்தாலும் காட்டத்தான் வேண்டும். இலக்கியம் இல்லை என்பதற்காக எத்தனையோ கட்டுகள் அடுப்புக்குப் போயின.

எழுத்தாணியைத் தயவுசெய்து தேய்க்க வேண்டாம். பள்ளிக் கண்காட்சி ஒன்றுக்காக எங்கள் எழுத்தாணியைத் துரு நீக்கித் தரும்படி, பாத்திரங்களுக்கு மெருகு போடும் கடை ஒன்றில் கொடுத்தேன். மறுநாள் அது வெள்ளிபோல் மின்னிக்கொண்டு திரும்பி வந்தது. சுழலும் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்ததில் ஆணியின் முனை உருண்டுபோயிருந்தது. அன்று முதல் அது ஓலையில் வழுக்குகிறதே தவிர எழுதுவதில்லை. கத்தி மடங்கும் பள்ளத்தில் கெட்டியாகப் படிந்திருந்த கரிய பொடியையும் அழுக்கு என்று சுரண்டி எடுத்துவிட்டார்கள். அது என் கொள்ளுப்பாட்டனார் ஏட்டில் தடவிய கரியாக இருக்கலாம் என்பது, பள்ளம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, இரும்பின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் பூசினால் போதும். அந்த வாசகரின் எழுத்தாணிப் பிடியின் பள்ளத்தில் கரியோ ஓலைத்தூளோ ஒட்டியிருந்தால், அதை எண்ணெய்கூடப் படாமல் அப்படியே விட்டுவைக்கும்படி தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கும்பகோணம்.